சுக்கான்: ஒரு சொல்லின் பயணமும் ஒரு கருவியின் வரலாறும்

கடலோடு வாழ்ந்த நம் முன்னோர் தமிழுக்கு வழங்கிச் சென்ற சொற்கள் பல. கலத்தை நடத்திச் செல்பவனை 'மாலுமி' என்கிறோம். கற்பிப்பவர் என்னும் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லே தமிழ் நாவில் அவ்வாறு உருமாறியது. கப்பலின் திசையைத் திருப்பும் கருவியைச் 'சுக்கான்' என்கிறோம். அதுவோ சற்றும் உருமாறாத அரபுச் சொல். அரசியல் மேடையில் 'ஆட்சியின் சுக்கானைப் பிடித்தவர்' என்று முழங்குவோரும், பாட்டில் 'வாழ்க்கைப் படகின் சுக்கான்' என்று புனைவோரும், தாம் அரபுமொழியைப் பேசுகிறோம் என்று எண்ணுவதில்லை. அந்த அளவுக்கு அச்சொல் தமிழாகிவிட்டது.

சொல் வந்த வழியை நாம் அறிவோம். கருவி வந்த வழியைத்தான் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. சுக்கான் என்று ஒன்று இல்லாமலேயே பல நூற்றாண்டுகள் கலங்கள் ஓடின. சுக்கான் பரவிய பின்னரும் அதை ஏற்காத கரைகள் இருந்தன. இன்று சுக்கானே இல்லாத விசைப்படகு உலகெங்கும் ஓடுகிறது. இம்மூன்றையும் ஒருங்கே காண்பதற்குச் சோழமண்டலக் கரையிலுள்ள மரக்காணம் ஏற்ற இடம். ஒரு படகுக்கு எத்தகைய திருப்புக் கருவி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது என்ற வினாவுக்கு அந்த உப்பளக் கரை தெளிவான விடை தருகிறது. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வேர்

'ஸகன' என்னும் அரபு வினைக்கு அசைவற்றிருத்தல், அமைதியடைதல், தங்குதல் என்பன பொருள். தங்குமிடம் 'மஸ்கன்', உள்ளத்து அமைதி 'ஸகீனத்'. இதே வேரின் கீழேதான் அரபு அகராதியாளர்கள் 'ஸுக்கான்' என்ற சொல்லையும் வைத்தனர். இப்னு மன்ளூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதி, சுக்கானைக் கப்பலின் வால் என்று கூறி, கப்பலை அலைக்கழியாமல் அமைதிப்படுத்துவதால் அதற்கு அப்பெயர் வந்தது என்ற விளக்கத்தையும் எடுத்துக்காட்டுகிறது. இக்கால மொழியறிஞர்கள் இச்சொல்லை அரமேய மொழி வழியாகப் பழைய அக்காத் மொழி வரை கொண்டுசெல்வர். தஜ்லா, ஃபுராத் நதிகளில் படகோட்டிய பண்டை மக்களின் சொல் அது. எனினும் அகராதியாளர் கண்ட பொருளில் ஆழமான உண்மை ஒன்று உண்டு. சுக்கானின் முதல் வேலை கப்பலைத் திருப்புவதன்று. திரும்பாமல் நேராக நிறுத்துவதே ஆகும். காற்றும் அலையும் எப்புறமும் இழுக்கையில், கொண்ட திசையில் கலத்தை அமைதியாக வைத்திருப்பது அதுவே. இக்கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இச்சொல் இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதையிலேயே வருகிறது. மதரஸாக்களில் பயிலப்படும் 'முஅல்லகாத்' கவிதைகளுள் ஒன்றில் ஆறாம் நூற்றாண்டுக் கவிஞர் தரஃபா, தம் ஒட்டகத்தின் உயர்ந்து எழும் கழுத்தை, தஜ்லா நதியில் எதிரேறிச் செல்லும் படகின் சுக்கானுக்கு ஒப்பிடுகிறார். பாலைவனத்துக் கவிஞர் உவமைக்கு எடுத்தாளும் அளவுக்குச் சுக்கான் அம்மக்களுக்குப் பழகிய பொருளாக இருந்திருக்கிறது. ஒட்டகக் கழுத்துக்கு உவமையானதால், அக்காலச் சுக்கான் நீண்டு நிமிர்ந்து வெளியே தெரிந்த ஒன்று என்பதையும் ஊகிக்கலாம்.

அரபியரிடமிருந்து பாரசீகமும் உருதுவும் இச்சொல்லைப் பெற்றன. சுக்கான் பிடிப்பவன் 'சுக்கானி' ஆனான். ஐரோப்பியர் கீழை நாட்டு மாலுமிகளைத் தம் கப்பல்களில் அமர்த்தியபோது, சுக்கானி என்ற சொல் ஆங்கிலேயர் வாயில் 'சீகன்னி' என்று மாறி, அவர்தம் கப்பற் பதிவேடுகளிலும் ஏறிற்று. தமிழில் மீகாமன், மீகான், நீகான் என்னும் பழஞ்சொற்கள் கலத்தை நடத்துபவனைக் குறித்தன. அவை ஏட்டில் தங்கின. மாலுமியும் சுக்கானும் பேச்சில் நிலைத்தன.

துடுப்பிலிருந்து பலகைக்கு

கலத்தைத் திருப்பும் கருவி முதலில் துடுப்பாகவே இருந்தது. கலத்தின் பின்பகுதியில் ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலுமோ பெரிய துடுப்புகளைப் பொருத்தி, அவற்றைச் சாய்த்துத் திசை மாற்றினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டிய சாதவாகனர் நாணயங்களில் இரட்டைப் பாய்மரக் கலம் பொறிக்கப்பட்டுள்ளது. சோழமண்டலக் கரையில் கிடைத்த இந்நாணயங்களில் பின்புறத் திசைத்துடுப்பையும் ஆய்வாளர்கள் சுட்டுவர். சாவகத்தின் போரோபுதூர்ச் சிற்பங்களில் காணும் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுக் கலங்களும் பக்கத்துடுப்பு உடையனவே.

பின்முனையின் நடுவில் பலகையாகத் தொங்கும் சுக்கானுக்குப் பழைய சான்று சீனத்தில் கிடைத்தது. குவாங்சௌ நகரில், கிழக்கு ஹான் காலத்துக் கல்லறையில் கண்டெடுத்த களிமண் படகில் அது காணப்படுகிறது. அதன் வயது ஏறத்தாழ 1,900 ஆண்டுகள்.

இடைக்கால அரபியரின் சுக்கான் எவ்வாறு இருந்தது? புவியியலாளர் அல் முகத்தஸீ கி.பி. 985ஐ ஒட்டி எழுதிய நூலில், செங்கடலின் குல்ஸும் பகுதியில் கப்பல் செலுத்தும் முறையை விவரிக்கிறார். பாறைகள் நிறைந்த கடல் அது. கப்பல் தலைவர் உயரத்தில் அமர்ந்து நீரையே நோக்கிக்கொண்டிருப்பார். பாறை தென்பட்டதும் வலம், இடம் என்று குரல் கொடுப்பார். இரு சிறுவர்கள் அதைத் திருப்பி உரக்கக் கூறுவர். சுக்கானியின் கையில் இரு கயிறுகள். குரலுக்கு ஏற்ப வலக்கயிற்றையோ இடக்கயிற்றையோ அவர் இழுப்பார். பார்ப்பவர் ஓரிடம், இழுப்பவர் வேறிடம், திரும்பும் பலகை மற்றோரிடம். மூன்றையும் இணைப்பவை குரலும் கயிறும். இன்றைய விசைப்படகில் முன்னிருந்து சக்கரத்தைத் திருப்ப, பின்னிருக்கும் கருவியை இரும்புக் கம்பி இழுக்கிறது. அதன் மூதாதையை ஆயிரம் ஆண்டுக்கு முன் நாம் காண்கிறோம்.

அடுத்த சான்று ஓர் ஓவியம். பஸராவின் ஹரீரீ இயற்றிய 'மகாமாத்' நம் மதரஸாக்களில் அரபு இலக்கியம் கற்போர் அறிந்த நூல். அதற்கு யஹ்யா அல் வாஸிதீ ஹிஜ்ரீ 634இல், அதாவது கி.பி. 1237இல், படம் வரைந்தார். பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள அந்தச் சுவடியில், முப்பத்தொன்பதாம் மகாமாவுக்குரிய கப்பலின் பின்முனையில் சுக்கான் தெளிவாகத் தொங்குகிறது. அடுத்த ஐந்தே ஆண்டில், 1242இல், வட ஐரோப்பாவின் எல்பிங் நகர முத்திரையிலும் பின்முனைச் சுக்கான் காணப்படுகிறது. அக்கருவி அங்கே அதற்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. யாரிடமிருந்து யார் கற்றார் என்ற வாதத்தில் நாம் இறங்க விரும்பவில்லை. ஆழ்கடலில் பெருஞ்சுமையுடன் நெடுந்தொலைவு செல்லும் கலங்கள் எங்கெல்லாம் மிகுந்தனவோ, அங்கெல்லாம் பலகைச் சுக்கான் நிலைபெற்றது என்பதே நாம் கொள்ளத்தக்க செய்தி.

மஃபர் கரையில் கண்ட சுக்கான்

நம் கரையின் சுக்கானை நேரில் கண்டு எழுதியவர் ஒருவர் உண்டு. இத்தாலியத் துறவி மொன்டெகொர்வினோ ஜான், சீனத்துக்குச் செல்லும் வழியில் மயிலாப்பூர்ப் பகுதியில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். 1290களின் தொடக்கத்தில் அங்கிருந்து அவர் வரைந்த மடலில் இக்கடலின் கலங்களைக் குறை கூறுகிறார். அவை ஆணியின்றிக் கயிற்றால் தைத்தவை. சுக்கானோ மேசைப் பலகை போன்றது, ஒரு முழ அகலமே உடையது, பின்முனையின் நடுவில் இருப்பது. காற்று வலுத்தால் கலத்தைத் திருப்பவே இயலாது என்கிறார். அதே காலத்தில் ஹுர்முஸ் துறையின் கலங்களைக் கண்ட மார்க்கோ போலோவும், ஒரு பாய்மரம், ஒரு பாய், ஒரு சுக்கான் கொண்ட தையற்கலங்கள் என்றே குறித்தார்.

இக்குறைகூறலை அப்படியே ஏற்பது நேர்மையாகாது. இக்கலங்கள் பருவக்காற்றை நம்பி ஓடியவை. காற்று ஒரு பருவத்தில் இப்புறமும் மறு பருவத்தில் அப்புறமும் வீசுகிறது. அதற்காகக் காத்திருப்பவனுக்குக் காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டிய தேவை குறைவு. நேராக நிறுத்தும் சுக்கான் அவனுக்குப் போதும். அகராதியாளர் கூறிய 'அமைதிப்படுத்தும்' கருவியாகவே அது பயன்பட்டது. இத்தகைய கலங்களின் வழித்தடங்களையும் விண்மீன் கணக்கையும் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் நூலாக்கியவர் முஅல்லிம் அஹ்மத் இப்னு மாஜித். நம் சோழமண்டலக் கரையையும் அவர் அறிந்திருந்தார்.

ஆனால் கரையை நெருங்கும்போது நிலைமை வேறு. உலகப் பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கையிலிருந்து மஃபருக்கு, அதாவது நம் தமிழகக் கரைக்கு, வந்தபோது அதைத் தம் உயிரை வைத்து உணர்ந்தார். காற்று கடுமையாயிற்று, தேர்ந்த மாலுமி கப்பலில் இல்லை, பாறைகளை நெருங்கித் தப்பிய கப்பல், ஆழமற்ற நீரில் தரைதட்டிற்று. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். மாலுமிகள் மரங்களைப் பிணைத்து மிதவை செய்தனர். உடன்வந்தோரை அதில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா கப்பலின் பின்பகுதியிலேயே இரவைக் கழித்தார். விடிந்த பின் கரையோர மக்கள் வந்து மீட்டனர். ஆழ்கடலை வென்ற சுக்கான், கரையோரத்து ஆழமற்ற நீரில் உதவவில்லை. உதவியது மரங்களைப் பிணைத்த மிதவை. நம் பரதவர் அதனைக் கட்டுமரம் என்பர்.

மரக்காணத்து அலை

இனி மரக்காணத்துக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்த ஊர் இது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினமும், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிபுளூஸ் என்ற கிரேக்க நூல் கூறும் சோபட்மா துறையும் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர். அந்தக் கிரேக்க நூல் இக்கரையில் இருவகைக் கலங்களைப் பிரிக்கிறது. ஒன்று, கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் பெருங்கலம். மற்றொன்று, பெருமரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கரா'. இதனைத் தமிழின் சங்காடத்தோடு தொடர்புபடுத்துவாரும் உளர். ஆக, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரே கரையில் இருவேறு நீருக்கு இருவேறு கலங்கள் இருந்தன.

ஊருக்கு மேற்கே உப்பளங்கள். அப்பால் கழுவெளி என்னும் பரந்த சதுப்பு நீர்நிலை. 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 'அளம்' என்ற பழந்தமிழ்ச் சொல் உப்பு விளையும் நிலத்தைக் குறிக்கும். இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலின் சோழர் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் பேசப்படுகின்றன. வடக்கிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவதும் மரக்காணத்தில்தான். 1806இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்ச காலத்தில் கூலிவேலையாக நீட்டப்பட்ட கால்வாய் அது. உப்பும் விறகும் ஏற்றிய தட்டையடிப் படகுகள் அதில் சென்றன. காற்று இருந்தால் பாய், இல்லையேல் கழி, அதுவும் போதாதபோது கரையில் நடந்து கயிற்றால் இழுப்பர். கரையிலிருந்து இழுக்கும் படகு கரையையே நோக்கி ஒதுங்கும். அதை நடுநீரில் வைத்திருக்கப் பின்னால் ஒருவர் ஓயாது திருப்பிப் பிடிக்க வேண்டும். அமைதியான கால்வாய் நீரிலும் திருப்புவோன் இல்லாமல் பயணம் இல்லை.

கிழக்கே கடல். அங்கே சிக்கல் ஆழமின்மை மட்டுமன்று. கரையை மோதி உடையும் அலை. மரக்காணத்துக்கு வடக்கே சிறிது தொலைவில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750இல் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட இக்கோட்டை ஒருகாலத்தில் வாணிபத்துறையின் காவலாக இருந்தது. சோழமண்டலக் கரையின் இத்தகைய துறைகளில் பெருங்கப்பல்கள் கரையை அணுகுவதில்லை. சென்னையிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கைத் துறைமுகம் அமையும் வரை இதுவே நிலை. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். சரக்கையும் ஆளையும் மசூலாப் படகு உடைஅலையைக் கடந்து கொண்டுவரும். ஆணி அறையாது தென்னங்கயிற்றால் தைத்த அப்படகு அடிபட்டால் வளையும், உடையாது. அதில் பலகைச் சுக்கான் இல்லை. தண்டல் பின்முனையில் நின்று நீண்ட துடுப்பால் அதைத் திருப்பினார்.

ஏன்? இதில் அறியாமை ஏதுமில்லை. நுட்பமான அறிவே உண்டு. சுக்கான் தானாக எதையும் தள்ளுவதில்லை. நீர் தன்மேல் உராய்ந்து ஓடும்போது மட்டுமே அதற்கு ஆற்றல். கரைநோக்கி வரும் படகை அலை பின்னிருந்து எட்டிப் பிடித்துத் தூக்கும்போது, படகும் நீரும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் விரைகின்றன. அந்நேரத்தில் சுக்கானைச் சுற்றி ஓட்டமே இல்லை. பலகை பயனற்றுத் தொங்குகிறது. படகு பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டுகிறது, மறுகணம் கவிழ்கிறது. துடுப்போ அவ்வாறன்று. நீர் ஓடாவிட்டாலும் மனிதன் தன் கைவலியால் நீரைத் தள்ளிப் படகின் பின்புறத்தை நேராக்க முடியும். மேலும், தரைதட்டும் இடத்தில் அதைத் தூக்கிவிடலாம்.

மரக்காணக் கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நாம் இதைப் பற்றி வினவினோம். "பெரியவரே, கட்டுமரத்துக்குச் சுக்கான் வைத்துக்கொண்டால் என்ன?" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "ஹஜ்ரத், அலை முதுகுல ஏறுன நேரம் படகு நம்ம பேச்சைக் கேட்காது. பின்னால கட்டுன பலகை என்ன செய்யும்? கையில துடுப்பு இருந்தா ஒரு தள்ளு தள்ளி நேராக்கலாம்" என்றார். நூலறிஞர் பல பக்கங்களில் விளக்குவதை அவர் மூன்று வாக்கியங்களில் கூறிவிட்டார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. விசைப்பொறி வந்தது. ஆயினும் அவற்றில் பலவற்றில் தனிச் சுக்கான் வரவில்லை. நீண்ட தண்டின் முனையில் சுழலியைப் பொருத்திய பொறியைப் பின்னால் அமர்த்தி, அத்தண்டையே கைப்பிடியால் இப்புறமும் அப்புறமும் திருப்புகின்றனர்; கரை நெருங்கியதும் நீரிலிருந்து தூக்கிவிடுகின்றனர். தள்ளுவதும் அதுவே, திருப்புவதும் அதுவே. பொறி வந்த பின்னும் இக்கரை பழைய துடுப்பின் முறையையே தேர்ந்தெடுத்தது.

சுக்கான் இல்லாத விசைப்படகு

ஏறத்தாழ இதே சிக்கலை உலகின் மறுகோடியில் ஒருவர் எதிர்கொண்டார். நியூசிலாந்தின் கேன்டர்பரி ஆறுகள் பரந்தவை, பரல் நிறைந்தவை, பல இடங்களில் கணுக்காலளவு நீரே உடையவை. அங்கே சுழலியும் சுக்கானும் தொங்கும் படகு ஓடாது. 1950களில் பில் ஹாமில்டன் என்பார், படகின் அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறத்துக் குழாய்வாயால் பீறிட்டு வெளியேற்றும் பொறியைச் செம்மைப்படுத்தினார். பின்னோக்கிப் பாயும் நீர்த்தாரை படகை முன்னோக்கித் தள்ளும். குழாய்வாயை இடமோ வலமோ திருப்பினால் படகும் அப்புறம் திரும்பும். தாரையை மறித்து முன்னோக்கி வளைத்தால் படகு பின்வாங்கும். படகின் அடியில் தொங்குவது எதுவுமில்லை. இதுவே ஜெட் படகு.

இந்திய நீரிலும் அது தன் திறனைக் காட்டியது. 1977இல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹில்லாரி மூன்று ஜெட் படகுகளுடன் வங்கக் கடல் முகத்துவாரத்திலிருந்து கங்கையில் எதிரேறினார். ஹாமில்டனின் மகனும் படகோட்டிகளுள் ஒருவர். இமயமலை அடிவாரத்தைத் தாண்டி, நந்தப்பிரயாகை அருகே அருவி ஒன்று மறிக்கும் வரை அவை சென்றன. அண்மைக் காலத்தில் இந்தியக் கடலோரக் காவற்படைக்காக எல் அண்டு டி நிறுவனம் கட்டிய 54 இடைமறிப்புப் படகுகளும் இரட்டை நீர்த்தாரையால் இயங்குபவை. மணிக்கு 45 கடல்மைல் வேகம் உடையவை.

ஆனால் இக்கருவிக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதை அறியாதவர் உயிரிழக்க நேரிடும். தாரை பாய்ந்தால்தான் திருப்பம். விசையைக் குறைத்தால் தாரை ஓய்கிறது. அதனுடன் திருப்பும் ஆற்றலும் ஓய்கிறது. எதிரே தடை தோன்றியதும் விசையைக் குறைப்பது மனிதக் கையின் இயல்பு. ஜெட் படகில் அவ்வாறு செய்தால், சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் படகு நேராகச் சென்று தடையிலேயே மோதும். சுக்கான் நீரோட்டத்தை நம்பியிருக்கிறது. நீர்த்தாரை பொறியை நம்பியிருக்கிறது. துடுப்போ மனிதனின் கையை நம்பியிருக்கிறது. முக்கருவிகளின் வேறுபாடும் இதில் அடங்கும்.

தேர்ந்தெடுப்போர் சிந்தனைக்கு

வளைகுடா நாடுகளிலும் நம் கரையிலும் படகுத்தொழிலில் ஈடுபட்ட இளைஞர்கள் சிலர், பழைய ஜெட் படகுகளை வாங்கி, அவற்றின் திருப்புக் கருவியை மாற்றிச் சீர்செய்ய விரும்புகின்றனர். சந்தையில் விற்கும் கருவிகள் பலவகை. மேற்கண்ட வரலாற்றின் ஒளியில் அவற்றை மதிப்பிடுவது கடினமன்று.

முதலாவது, சக்கரத்தையும் குழாய்வாயையும் இணைக்கும் பகுதி. சிறு படகுகளில் உறைக்குள் ஓடும் கம்பி இவ்வேலையைச் செய்கிறது. முகத்தஸீ கண்ட கயிற்றின் வழித்தோன்றல் அது. எளியது, மலிவானது, ஆனால் உப்பு நீர் உள்ளே புகுந்தால் துருவேறி இறுகும். அதற்கு மாற்றாக, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவி உண்டு. கையின் பாரத்தைப் பெரிதும் குறைக்கும். எனினும் எண்ணெய் கசிந்தாலோ, குழாயில் காற்றுப் புகுந்தாலோ தளர்ந்துவிடும். இங்கு முதலில் செய்யத்தக்கது சோதனை. சக்கரம் இறுகியிருப்பதற்குக் காரணம் கம்பியா, குழாய்வாயின் சுழல்முனையில் படிந்த துருவும் உப்புமா என்று பார்க்க வேண்டும். சுழல்முனை இறுகியிருக்க, விலையுயர்ந்த எண்ணெய்க் கருவியைப் பொருத்துவது, நோயை விட்டுப் போர்வையை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, குழாய்வாயின் இருபுறமும் பொருத்தும் சிறு பலகைகள். விசை குறைந்த நேரத்திலும், மெதுவாகத் துறையை அணுகும்போதும், இவை சிறிதளவேனும் திருப்பும் ஆற்றலைத் தருகின்றன. நீர்த்தாரைச் சிறுகலங்களைச் செய்யும் நிறுவனங்களே 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், விசை ஓய்ந்த வேளையில் திருப்புதற்கான துணைக்கருவிகளைப் புகுத்தின. சுக்கானைத் துறந்த படகு, இக்கட்டான நேரத்துக்காகச் சுக்கானின் ஒரு துண்டை மீண்டும் ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். ஆயின் அப்பலகை படகின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்குமானால், ஆழமற்ற நீரில் ஓடும் சிறப்பு பறிபோகும். முதல் மணல்மேட்டில் முறியவும் கூடும். தரைதட்டினால் மேலே மடங்கும் வகையே உப்பங்கழிக்கும் முகத்துவாரத்துக்கும் ஏற்றது. ஆழமான துறையிலேயே ஓடும் படகுக்கு அக்கவலை இல்லை.

மூன்றாவது, சக்கரத்தின் விரைவு. சிறிது திருப்பினாலே முழுதும் திரும்பும் அமைப்பு நெரிசலான துறையில் வசதி. விரைந்தோடும் படகிலோ அதுவே கேடு. கை சற்று அசைந்தாலும் படகு துள்ளித் திரும்பும், ஏறியிருப்போர் தூக்கி எறியப்படுவர். படகைச் சலனமின்றி நிறுத்துவதே சுக்கானின் முதற்பணி என்று அகராதியாளர் கூறியதை இங்கே நினைவுகூர்வது தகும்.

மரக்காணம் போன்ற கரைக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. உடைஅலையின் நுரையில் காற்று மிகுதி. நுரையை உறிஞ்சும் நீர்த்தாரைப் பொறி தள்ளும் ஆற்றலை இழக்கும்; தள்ளாதபோது திருப்பாது. மணலை உறிஞ்சினால் உள்ளிருக்கும் சுழலி தேயும். வலைத்துண்டும் கயிறும் புகுந்தால் நின்றேவிடும். ஆற்றுக்கென்று பிறந்த கருவியை அலைக்கரைக்குக் கொண்டுவருவோர் எத்தகைய திருப்புக் கருவியைப் பொருத்தினாலும் இக்குறை முற்றிலும் நீங்காது. எக்கருவியைப் பொருத்தினாலும் ஒரு துடுப்பையும் ஒரு நங்கூரத்தையும் படகில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

எனவே கருவி வாங்குவோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. இப்படகு எந்த நீரில் ஓடப்போகிறது? பொறி நின்ற கணத்தில் இது எதைக்கொண்டு திரும்பும்? பழுதானால் கரையிலேயே செப்பனிட இயலுமா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே விலையையும் அழகையும் எண்ண வேண்டும். மசூலாப் படகின் தண்டலும், தைத்த கலத்தின் மாலுமியும் இவ்வினாக்களுக்கு விடை கண்டவர்களே. அதனால்தான் ஒருவர் துடுப்பைக் கொண்டார். மற்றவர் சுக்கானைக் கொண்டார். இருவரும் தத்தம் நீரை அறிந்திருந்தனர்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களில் கப்பற்சொற்களை நாவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் சிலர் இருக்கலாம். பாய், கயிறு, காற்று, நீரோட்டம், திருப்பம் ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கும் சொற்களில் ஒவ்வொரு கரையின் அனுபவமும் பொதிந்துள்ளது. புதிய கருவிகளை வாங்கும் இளைஞர்கள் அம்முதியோரிடம் சற்று அமர்ந்து கேட்டு, அச்சொற்களையும் அவற்றின் காரணங்களையும் ஏட்டில் குறித்து வைப்பார்களாயின், அது மொழிக்கும் பயன். படகில் ஏறும் உயிர்களுக்கும் பயன்.